பிறந்த வீட்டுப் பங்கும் இரண்டு அரசுகளின் அதிகாரமும்

வாசகர் கடிதம் (சுருக்கம்): "என் பிறந்த வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது. தாத்தா கட்டிய வீடு. அப்பா உயில் எதுவும் எழுதாமல் 1997இல் காலமானார். பாகப்பிரிவினை இன்றுவரை நடக்கவில்லை. இப்போது அண்ணன் மக்கள் வீட்டை விற்க முனைகிறார்கள். எனக்கு 1984இல் கல்யாணமாகிவிட்டதால் தமிழ்நாட்டுச் சட்டப்படி பங்கு கிடையாது என்று அவர்கள் சொல்கிறார்கள். மத்தியச் சட்டப்படி உண்டு என்று வேறு சிலர் சொல்கிறார்கள். யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் அந்த வீட்டை யாரும் இடிக்கவே முடியாது என்கிறார் உறவினர் ஒருவர். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருக்கும் என் மகன், ஒரே பில்லில் இரண்டு வரி எதற்கு, சில சமயம் மத்திய அலுவலகத்திலிருந்தும் சில சமயம் மாநில அலுவலகத்திலிருந்தும் கடிதம் வருவது எதற்கு என்று குழம்புகிறான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் 'இது சென்டிரல் விஷயம்', 'இது ஸ்டேட் விஷயம்' என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் யாருக்கு எந்த அதிகாரம்?" — ஓர் ஆச்சி, தேவகோட்டை.

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு, வணக்கம்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் சரியாக இருந்தால், அந்த வீட்டில் உங்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் அது ஏன் உண்டு என்பதை விளங்கிக்கொள்ளாமல் பங்காளிகளோடு பேசப் போனால், அவர்கள் "தமிழ்நாட்டுச் சட்டம்" என்று சொல்லும்போது உங்களிடம் மறுமொழி இருக்காது. ஏனென்றால் அவர்கள் சொல்வது முழுப் பொய்யன்று. அப்படி ஒரு மாநிலச் சட்டம் இருந்தது. அது 1984இல் திருமணமான உங்களை விலக்கியும் வைத்தது. அதற்குப் பின்னர் வந்த மத்தியச் சட்டம் அதை எப்படி மேற்கொண்டது என்பதைப் புரிந்துகொண்டால், உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

அரசமைப்புச் சட்டத்தின் 246ஆவது பிரிவும் ஏழாவது அட்டவணையும் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மூன்று பட்டியல்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. 1950இல் மத்தியப் பட்டியலில் 97 இனங்களும் (அதாவது எண்ணிட்ட தலைப்புகளும்), மாநிலப் பட்டியலில் 66 இனங்களும், இருவருக்கும் உரிய பொதுப் பட்டியலில் 47 இனங்களும் இருந்தன. பின்னர் வந்த திருத்தங்களால் சில இடம் மாறின, சில நீங்கின, சில சேர்ந்தன. பாதுகாப்பு, வெளியுறவு, இரயில்வே, வங்கித் தொழில் போன்றவை முதலாவதில் உள்ளன. காவல்துறை, நிலம், பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, வேளாண்மை போன்றவை இரண்டாவதில் உள்ளன. திருமணம், வாரிசுரிமை, ஒப்பந்தம், குற்றவியல் சட்டம், மின்சாரம், கல்வி போன்றவை மூன்றாவதில் உள்ளன. எந்தப் பட்டியலிலும் அகப்படாதது 248ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தைச் சேரும். இந்த மூன்று பட்டியல் முறை சுதந்திரத்துக்குப் பின் புதிதாகப் பிறந்ததன்று. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. நம் நகரத்தார் பெரியவர்கள் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போயிருந்த பர்மாவை 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து தனியே பிரித்ததும் அந்தச் சட்ட ஏற்பாட்டின் ஒரு பகுதிதான்.

இங்கே பெரும்பாலோர் ஓர் இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். வீடு, பட்டறை, ஊரணி, கோயில் என்று பொருள்களை எடுத்து, "இது மத்திய அரசுக்கு, இது மாநில அரசுக்கு" என்று பிரித்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அரசமைப்புச் சட்டம் பொருள்களைப் பிரிக்கவில்லை. அவற்றைப் பற்றி எழக்கூடிய விவகாரங்களையே பிரித்திருக்கிறது. உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் யாருக்குப் பங்கு என்பது வாரிசுரிமை. அது பொதுப் பட்டியலின் 5ஆவது இனம். அதை விற்கும் பத்திரத்தைப் பதிவு செய்வதும் பொதுப் பட்டியல். ஆனால் அந்தப் பத்திரத்துக்கு எவ்வளவு முத்திரைத் தீர்வை என்ற வீதத்தை மாநிலம் தீர்மானிக்கிறது. வீட்டு வரி மாநிலப் பட்டியல். விற்றுவரும் ஆதாயத்துக்கான வருமான வரி மத்தியப் பட்டியல். வாங்குபவர் வங்கியில் கடன் பெற்றால் அந்த வங்கியை ஒழுங்குபடுத்துவது மத்திய அதிகாரம். முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை ஒரே வீடுதான்; ஆனால் அதைப் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் விடை வேறு வேறு சட்டத்தில் இருக்கிறது. ஆகவே "இந்த வீடு யாருடைய அதிகாரத்தில் வருகிறது?" என்று கேட்டால் எந்த அலுவலரும் நேர்மையாக விடை சொல்ல முடியாது.

இனி உங்கள் பங்கைப் பார்ப்போம். 1956இல் நாடாளுமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தை இயற்றியது. தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று அப்போதே அது சொல்லிவிட்டது. ஆனால் கூட்டுக்குடும்பத்தின் மூதாதையர் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை ஆண்மக்களுக்கு மட்டும் என்ற பழைய நிலையைத் தொடவில்லை. வாரிசுரிமை பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலங்களும் இதில் கைவைக்கலாம். அப்படித்தான் ஆந்திரப் பிரதேசத்துக்குப் பின் தமிழ்நாடு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு, 1990ஆம் ஆண்டின் 1ஆவது சட்டத்தைக் கொண்டுவந்தது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்பட்ட அந்தத் திருத்தம், மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்றது. ஆனால் அந்த நாளுக்கு முன்பே திருமணமாகியிருந்த மகள்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. உங்கள் அண்ணன் மக்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வரியைத்தான். நாட்டின் பெரும்பகுதி இதைப் பற்றி யோசிக்காத காலத்தில் வந்த முன்னோடிச் சட்டம் அது என்பதை மறுக்க முடியாது. இருந்தாலும், ஒரே வீட்டில் 1988இல் மணமான அக்காளுக்கு ஒன்றுமில்லை, 1990இல் மணமான தங்கைக்குச் சமபங்கு என்று அது கிழித்த கோடு எத்தனையோ குடும்பங்களில் மனத்தாங்கலைத் தந்தது.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நாடாளுமன்றம் தன் சட்டத்தையே திருத்தியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம், மகள் பிறப்பாலேயே கூட்டுக்குடும்பப் பங்காளி ஆகிறாள் என்றது. அவளுக்கு எப்போது திருமணமாயிற்று என்று அது கேட்கவே இல்லை. இப்போது மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் ஒரே விவகாரத்தில் வேறு வேறு விடை சொல்கின்றன. இதற்குத்தான் 254ஆவது பிரிவு. பொதுப் பட்டியலில் உள்ள ஒரு விவகாரத்தில் இரண்டும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும் என்பது அதன் பொது விதி. முரண்பட்ட மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்திருந்தால், அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே நிற்கும் என்பது விதிவிலக்கு. அப்படி ஒப்புதல் பெற்ற சட்டத்தையும் பின்னாளில் நாடாளுமன்றம் மாற்றவோ நீக்கவோ முடியும் என்பது அந்த விதிவிலக்குக்கு உள்ளேயே வைத்திருக்கும் கட்டுப்பாடு. 1990ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் விதிவிலக்கால் நின்றது. 2005ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் வந்தபின், முரண்பட்ட அளவுக்கு, அந்த நிலை போயிற்று. எனவே உங்கள் 1984ஆம் ஆண்டுத் திருமணம் இனி ஒரு தடையன்று.

"திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இல்லையே" என்று அவர்கள் அடுத்துக் கேட்கக்கூடும். 2020 ஆகஸ்டு 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கும் விடை சொல்லிவிட்டது: உரிமை பிறப்பால் வருவதால், 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பாகப்பிரிவினை முடிந்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. வாய்மொழியாகப் பாகம் பிரித்துவிட்டோம் என்ற வாதம் சாதாரணமாக எடுபடாது. அதற்கு அக்காலத்திய பொது ஆவணங்களின் பலமான சான்று வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத இன்னொரு செய்தி உங்களுக்கு முக்கியமானது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் வாரிசுகள் பாகம் கேட்க முடியாது என்று வைத்திருந்தது. வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றி அறைகளும் அறைக்கொரு பூட்டும் உள்ள நம் பக்கத்து வீடுகளில் அந்தப் பிரிவின் பலன் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதையும் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது.

உங்கள் தாத்தா எந்த ஆண்டு காலமானார் என்று கடிதத்தில் இல்லை. அவர் 1956 ஜூனுக்குப் பின் காலமாகியிருந்தால், அவரிடமிருந்து உங்கள் தந்தைக்கு வந்தது பெரும்பாலும் தந்தையின் தனிச் சொத்தாகவே கருதப்படும். அப்படியானால் 1989, 2005 என்ற பேச்சுக்கே இடமில்லாமல், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் சம வாரிசுகள். அதற்கு முன் காலமாகியிருந்தால் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே உங்கள் பங்கு வரும். எந்த வழியில் போனாலும் பங்கு உண்டு; எந்த வழி என்பதைப் பொறுத்து வழக்கின் வாதம்தான் மாறும்.

பொதுப் பட்டியலின் போக்கு இவ்வளவுதானா, மத்திய அரசு நினைத்தால் எதையும் மாற்றிவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். சிராவயல் மஞ்சுவிரட்டின் கதை வேறு விதமாக முடிந்தது. மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதில் 1960ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இருக்கிறது. ஜல்லிக்கட்டையும் மஞ்சுவிரட்டையும் ஒழுங்குபடுத்தித் தமிழ்நாடு 2009இல் ஒரு சட்டம் செய்தது. அது மத்தியச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 2017 ஜனவரியில், மக்கள் திரண்டெழுந்தபின், தமிழ்நாடு வேறு வழியில் போனது. தனிச் சட்டமாக இல்லாமல், அந்த மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டளவில் திருத்தி, அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. காளையும் அதே, திடலும் அதே. முதல் சட்டம் விழுந்தது, இரண்டாவது நின்றது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்பது நடைமுறையில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதல்தான் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஆகவே இது மாநிலத்துக்குத் திறந்திருக்கும் வழி என்றாலும், கேட்டுப் பெற வேண்டிய வழி.

மாநிலப் பட்டியலில் உள்ளவற்றில் இந்த முரண்பாட்டுக் கேள்வி இவ்வாறு எழுவதில்லை. அங்கே எழும் கேள்வி, ஒரு சட்டம் உண்மையில் எந்த விவகாரத்தைப் பற்றியது என்பது. கடன் கொடுக்கல் வாங்கலில் ஊறிய நம் சமூகத்துக்கு இதைச் சொல்ல வட்டித் தொழிலைவிட நல்ல உதாரணம் கிடையாது. லேவாதேவி, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில், மாநிலப் பட்டியலில் இருக்கிறது. வங்கித் தொழிலும் புரோநோட்டும் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. 1938இல் சென்னை மாகாண அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்து கடனைக் குறைத்தபோது, கடன் கொடுத்தவர்கள் தரப்பில், கடன்கள் புரோநோட்டின் மேல் நிற்பவை, புரோநோட்டைத் தொட மாகாணத்துக்கு அதிகாரம் இல்லை என்று வாதிட்டார்கள். சுப்பிரமணியன் செட்டியார் வழக்கு என்று 1940இல் அது அன்றைய கூட்டாட்சி நீதிமன்றம் வரை போயிற்று. ஒரு பட்டியலில் உள்ள விவகாரத்தைப் பற்றிய சட்டம் இன்னொரு பட்டியலில் உள்ளதைப் போகிற போக்கில் தொட்டுவிட்டது என்பதற்காகச் செல்லாமல் போகாது, அதன் உள்ளுறை எதைப் பற்றியது என்றே பார்க்க வேண்டும் என்று தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் அங்கே எழுதியதைத்தான் இன்றுவரை நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுகின்றன. 1947இல் வங்காளத்து லேவாதேவிச் சட்டத்தைப் பற்றிய வழக்கில் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிப்படுத்தியது.

இதன் பலனைக் காரைக்குடிக் கடைத்தெருவில் நடந்துபோனாலே பார்க்கலாம். அடகுக் கடைக்கு 1943ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். பக்கத்தில் உள்ள வங்கிக்கு 1949ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். எதிரே நகைக்கடன் நிறுவனம் ஒன்று ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருந்தால், அதற்கு மாநில லேவாதேவிச் சட்டம் பொருந்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று கடைகளிலும் வாடிக்கையாளர் கொடுப்பது அதே சங்கிலிதான்.

அலுவலகங்கள் உங்களை அலைக்கழிப்பதற்கு வருகிறேன். சட்டம் இயற்றுவது யார் என்பதும் அதை நிறைவேற்றுவது யார் என்பதும் நம் நாட்டில் தனித்தனிக் கேள்விகள். பொதுப் பட்டியலில் உள்ள மத்தியச் சட்டங்களைக்கூட, நாடாளுமன்றம் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, மாநில அரசே நிறைவேற்றும் என்பது 73ஆவது பிரிவு வகுத்த ஏற்பாடு. சார்பதிவாளர் பின்பற்றுவது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அது மத்தியச் சட்டம். அவரை நியமித்துச் சம்பளம் கொடுப்பது தமிழ்நாடு அரசு. அவரிடம் போய், "நீங்கள் சென்டிரலா, ஸ்டேட்டா?" என்று கேட்டால், அவர் எதைச் சொன்னாலும் பாதி உண்மையாகத்தான் இருக்கும். இனி எந்த அலுவலகத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம். "எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி இதைச் செய்ய முடியாது என்கிறீர்கள்? எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். சட்டத்தின் பெயர் தெரிந்துவிட்டால், மேல்முறையீடு யாரிடம் என்பதும் அதிலேயே இருக்கும். மனு கொடுத்து ஒப்புகை வாங்காமல் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்புவதால்தான் பாதி அலைச்சல் என்பது என் எண்ணம்.

யுனெஸ்கோவைப் பற்றி உறவினர் சொன்னது தவறு. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் இந்தியாவின் தற்காலிகப் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றன. உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்படுவதற்கு முந்தைய படி அது. அதனால் எந்தத் தனியார் வீட்டுக்கும் சட்டப் பாதுகாப்போ தடையோ வந்துவிடாது. சர்வதேச உடன்படிக்கையை நிறைவேற்ற எந்த விவகாரத்திலும் சட்டம் செய்யலாம் என்று 253ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்திருப்பது உண்மை. ஆனால் நம் வீடுகளுக்காக அப்படி ஒரு சட்டம் செய்யப்படவில்லை. திருமயம் கோட்டையைப் போலத் தேசிய முக்கியத்துவம் உள்ளவையாக அறிவிக்கப்பட்டவை மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் வரும். அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடையும், அதற்கு வெளியே 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் உண்டு. மற்ற பழைமையான சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் இருக்கிறது. மரபுக் கட்டடங்களுக்காக ஓர் ஆணையம் அமைக்க 2012இல் மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டமும் செய்தது. உங்கள் வீடு இவற்றில் எதன்கீழும் முறையாக அறிவிக்கப்பட்டிருந்தாலன்றி, இடிப்பதைத் தடுக்க யுனெஸ்கோவின் பெயர் உதவாது. ஆனால் உங்கள் பங்கு தடுக்கும். பங்குதாரர் ஒருவர் மற்றவர்களின் இசைவின்றிப் பொது வீட்டை இடிக்க முனைந்தால் உரிமையியல் நீதிமன்றம் தடையாணை தரும். நிலையையும் தூணையும் கழற்றிப் பழம்பொருள் கடைக்கு விற்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை வாணிகம் செய்பவருக்கு 1972ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும் என்பதையும், அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

உங்கள் மகனின் பட்டறைக்கு வருவோம். 2017 ஜூலை 1க்கு முன், பொருளை உற்பத்தி செய்யும்போது மத்திய அரசு கலால் வரியும், விற்கும்போது மாநில அரசு விற்பனை வரியும் தனித்தனியே வாங்கின. 101ஆவது திருத்தம் 246ஏ என்ற புதிய பிரிவைக் கொண்டுவந்து, ஒரே விற்பனையின் மேல் இருவருமே வரி விதிக்கலாம் என்று ஆக்கியது. மூன்று பட்டியல்களுக்கும் வெளியே நிற்கும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டுக்குள் கல்லை விற்றால் பில்லில் மத்திய ஜி.எஸ்.டி.யும் மாநில ஜி.எஸ்.டி.யும் சரிபாதியாக இருக்கும். பெங்களூரு வீட்டுக்கு அனுப்பினால் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. என்ற ஒரே வரியை மத்திய அரசு வாங்கி, பொருள் போய்ச் சேரும் மாநிலத்தோடு பகிர்ந்துகொள்ளும். வீதத்தைப் பரிந்துரைக்கும் ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடையும் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு எடையும் உண்டு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும் என்பதால், மத்திய அரசு இசையாமல் அங்கே எதுவும் நிறைவேறாது.

கடிதங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவதற்குக் காரணம் வேறு. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட வணிகர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை மாநில அலுவலரும் மீதியை மத்திய அலுவலரும் கவனிப்பது என்றும், அதற்கு மேற்பட்டவர்களை ஆளுக்குப் பாதியாகக் கவனிப்பது என்றும் 2017இல் மன்றம் முடிவு செய்தது. மகன் தன் பதிவுக் கணக்கில் எந்த அலுவலரின் வரம்பில் தான் இருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளட்டும். ஒரே விவகாரத்தில் ஓர் அலுவலர் நடவடிக்கை தொடங்கிவிட்டால், மற்றவர் அதே விவகாரத்தில் இன்னொரு நடவடிக்கை தொடங்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 6ஆவது பிரிவு இடம் கொடுக்கவில்லை. இரண்டாவது கடிதம் வந்தால் முதல் கடிதத்தின் நகலை இணைத்து அதை எழுத்தில் சுட்டிக்காட்டினாலே போதும். பட்டறைக்கு வேண்டிய மணலைப் பொறுத்தவரை, கனிமங்களுக்கு 1957ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இருந்தாலும், மணல் போன்ற சிறுகனிமங்களுக்கு விதி செய்யும் அதிகாரத்தை அந்தச் சட்டமே மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. ஆகவே அவர் போக வேண்டியது மாநிலக் கனிமவளத் துறைக்கு.

கானாடுகாத்தான் பேரூராட்சிக்கு என்று எந்தப் பட்டியலும் கிடையாது. உள்ளாட்சி மாநிலப் பட்டியலின் 5ஆவது இனம். 1992இல் இயற்றப்பட்ட 73, 74ஆவது திருத்தங்கள் ஊராட்சிகளுக்கு 29 பொருள்களையும் நகர அமைப்புகளுக்கு 18 பொருள்களையும் அட்டவணையில் குறித்திருக்கின்றன; ஆனால் அவற்றில் எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கே விட்டுவிட்டன. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனதற்கும், 1985இல் சிவகங்கை தனி மாவட்டம் ஆனதற்கும் டெல்லியின் அனுமதி தேவைப்படவில்லை. ஆனால் மாநிலத்தின் எல்லையை மாற்றவோ மாநிலத்தையே இரண்டாக்கவோ 3ஆவது பிரிவின்படி நாடாளுமன்றத்தால் முடியும்; மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அதை ஏற்க வேண்டியதில்லை. உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுக்கத் தயங்குவதில் சென்னைக்கும், மாநிலத்துக்குக் கொடுக்கத் தயங்குவதில் டெல்லிக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

கடிதத்தின் கடைசியில், மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்று மகனும், மாநிலம் நினைத்தால் எதுவும் செய்யலாம் என்று உங்கள் கொழுந்தனாரும் வீட்டில் வாதிடுவதாக எழுதியிருந்தீர்கள். இருவர் சொல்வதும் சரியில்லை; ஆனாலும் தராசு மத்திய அரசின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே என் கருத்து. மாநிலப் பட்டியலில் உள்ளதைக்கூட, நாட்டு நலன் கருதி மாநிலங்களவை மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு தீர்மானம் போட்டால், 249ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் எடுத்துக்கொள்ளலாம். நெருக்கடி நிலையில் 250ஆவது பிரிவின்படி அந்தத் தீர்மானமும் தேவையில்லை. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில் நிறைவேறிய 42ஆவது திருத்தம் கல்வியையும் காடுகளையும் எடை அளவைகளையும் வேறு சிலவற்றையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது; அவை திரும்பவில்லை. அதன் விளைவைக் காரைக்குடியிலேயே காணலாம். வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கரில் எழுந்த மின்வேதியியல் ஆய்வகம் மத்திய அரசின் நிறுவனம். அவர் பெயரில் 1985இல் உருவான பல்கலைக்கழகம் மாநிலச் சட்டத்தால் பிறந்தது. ஆனால் அந்த மாநிலப் பல்கலைக்கழகமும் உயர்கல்வித் தரம் என்ற மத்தியப் பட்டியல் இனத்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளுக்குள் நடக்க வேண்டியிருக்கிறது. மாநிலங்களின் அதிகாரத்தை விரிவாக்க வேண்டும் என்று தமிழ்நாடு அமைத்த இராஜமன்னார் குழு 1971இலேயே பரிந்துரைத்தது. அந்த விவாதம் அன்றோடு முடியவில்லை, அதை ஒரு கடிதத்தில் முடிக்கவும் முடியாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தாத்தா, தந்தை இருவரின் இறப்புச் சான்றுகள், தந்தையின் வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீதுகள் ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, 2004 டிசம்பர் 20க்கு முன் பாகப்பிரிவினைப் பத்திரம் எதுவும் பதிவாகியிருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டாவில் உங்கள் பெயர் இல்லை என்பதால் உரிமை போய்விடாது. பட்டா வருவாய்த் துறையின் பதிவு மட்டுமே. பிறகு, விற்பனைக்கு நீங்கள் இசையவில்லை என்றும் உங்கள் பங்கைப் பிரித்துத் தர வேண்டும் என்றும் அண்ணன் மக்கள் எல்லாருக்கும் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். அதையும் மீறி விற்றால், வாங்கியவருக்கு அவர்களுடைய பங்கு மட்டுமே போகும். குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவின்படி, உங்களோடு சேர்ந்து அனுபவிக்கவோ உள்ளே குடிவரவோ உரிமை கோர முடியாது. விலை கேட்டு வருபவரிடம் இதைச் சொன்னாலே அவர் யோசிப்பார். வழக்குச் செலவுக்கு அஞ்ச வேண்டாம்; 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதினால் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். உங்களுக்கு விருப்பமானால் வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசவும் அங்கேயே வழி இருக்கிறது.

அன்புடன்,
வழக்கறிஞர், காரைக்குடி